கையை எடுத்த பிறகும் கேட்ட பாட்டு

மேடையில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஆறு கீபோர்டுகள். படுதாவுக்குப் பக்கத்தில் மைக் செட் முத்துப்பாண்டி. முன்வரிசை சோபாவில் பள்ளியின் தாளாளர், அவருக்குப் பக்கத்தில் சிறப்பு விருந்தினர். நாலாவது வரிசையின் ஓரத்து நாற்காலியில், அந்த ஆறு பேரில் ஒருத்தியான நஸ்ரினைப் பெற்ற அத்தா ஜாபர் அண்ணன். இவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஐந்து மாதம் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரான நான் மட்டும் இல்லை.

இந்த வருஷம் புதிதாக வகுப்பு எடுக்கவும் மேடையில் வாசிக்கவும் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். எனக்கு வயது முப்பத்து மூன்று. புத்தி சொல்கிற வயதில்லை. ஆனால் டிசம்பர் வருகிறது. உங்கள் போன்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டன. போன வாரம் ஒரு தம்பி, "அண்ணே, ஒரே நாள்ல மூணு புரோகிராம் புடிச்சிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். தட்டிக்கொடுக்க என் கை எழவில்லை. கோபம்தான் வந்தது. அவன் மேல் இல்லை. அதே சிரிப்போடு நானும் ஒரு காலத்தில் நின்றேன் என்பதால் வந்த கோபம்.

மாதச் சம்பளம் இல்லாத நமக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடுவதற்குள் வருகிற அந்தச் சில நாட்கள்தான் அறுவடை. பள்ளிகளின் ஆண்டு விழா, சர்ச்சுகளில் கேரல், கம்பெனிகளின் வருஷக் கடைசி விருந்து எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழும். காலையில் வீட்டு வகுப்பு, மதியம் பள்ளியில் ஒத்திகை, சாயங்காலம் எங்கேயாவது மேடை. கீபோர்டை முதுகில் கட்டிக்கொண்டு டூவீலரில் போகிற ஆளைப் பார்த்தால் மதுரையில் டிசம்பர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

என் அப்பாவும் அம்மாவும் கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். வேலைக்குக் கூப்பிட ஆள் வந்தால் காய்ச்சல் என்றாலும் எழுந்து போக வேண்டும். ஒருமுறை வரவில்லை என்று சொன்னால் மறுமுறை அந்த வாசலுக்கு ஆள் வராது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பட்டமும் வாங்கினேன். அந்தப் பயம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. போனில் யார் "அந்தத் தேதி ஃப்ரீயா?" என்று கேட்டாலும், டைரியைப் பார்ப்பதற்கு முன்பே "வாரேண்ணே" என்று வாய் சொல்லிவிடும்.

தொழிலில் மூத்த அண்ணன் ஒருவர், பெயர் வேண்டாம், எனக்கு ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். "மாப்ள, எதுக்கும் ஒரு டிராக்கப் போட்டு பென்டிரைவ்ல வச்சுக்க. வயர் போகும், கரண்டு போகும், பாட வந்த ஆளுக்குத் தொண்டை போகும். டிராக் எங்கயும் போகாது." அதற்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் சேஃப்டி டிராக். மேடையில் வாசிக்க வேண்டியதை முன்கூட்டியே அறையில் உட்கார்ந்து வாசித்துப் பதிந்து வைத்துக்கொள்வது. உண்மையிலேயே அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு கிராமத்துக் கேரல் மேடையில் வோல்டேஜ் குறைந்து என் கீபோர்டு செத்துப்போனபோது, அந்த டிராக்கை ஓடவிட்டுத்தான் பாடகர்கள் பாடி முடித்தார்கள். அங்கே செத்தது என் கீபோர்டு, ஒலித்தது என் வாசிப்பு. யாரையும் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. வழக்கம் பழகிப்போனது அப்படித்தான்.

இனி அந்தப் பள்ளி. ஊரின் தெற்குப் பக்கம் உள்ள ஒரு தனியார் பள்ளி. பழங்காநத்தத்தில் மாடியில் ஒரு அறையில் குடியிருந்து அங்கேயே வகுப்பும் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, வாரம் இரண்டு நாள் அங்கே இசை வகுப்பு. ஆண்டு விழாவுக்காக ஆறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, நானே ஒரு மெட்டு அமைத்து, ஆறு பங்காகப் பிரித்துக் கொடுத்தேன். அழைப்பிதழில் 'மாணவர்கள் வழங்கும் நேரடிக் கீபோர்டு இசை' என்று அச்சடித்தார்கள்.

நஸ்ரின் ஆறாம் வகுப்பு. பிடிவாதக்காரி. மூன்றாவது வரி முழுவதும் அவள் பங்கு. அதில் மோதிர விரல் மேலே தாவ வேண்டிய ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு நொடி பிந்திப் போவாள். மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

"சார், நஸ்ரின் பஸ் இன்னும் சிம்மக்கல்லயே நிக்கிது."

"லேட்டா வந்தாலும் என் பஸ்ஸுதான்டா கரெக்டான ஸ்டாப்புல நிக்கும். உன் பஸ்ஸு ஸ்டாப்பத் தாண்டிப் போயிரும்" என்று திருப்பிக் கொடுப்பாள். அதுவும் உண்மைதான்.

அவள் அத்தா ஜாபர் அண்ணனுக்குச் சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை. ஜூலையில் பள்ளி வாசலில் என்னை நிறுத்திப் பேசினார்.

"தம்பி, நம்ம வீட்டுல இதெல்லாம் பழக்கமில்ல. எங்க அண்ணனுக்கு இது பிடிக்கவும் இல்ல. பிள்ளை அழுகுதேன்னு சேத்துவிட்டிருக்கேன். ஆண்டு விழாவுல வந்து உக்காந்து கேப்பேன். கேட்டுட்டுத்தான் இது மேக்கொண்டு வேணுமா வேணாமான்னு சொல்லுவேன். அதுவரைக்கும் சொல்லிக்குடுங்க."

நஸ்ரினுக்கும் இது தெரியும். ஐந்து மாதம் அவள் வாசித்தது அந்த நாலாவது வரிசை நாற்காலிக்காகத்தான்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, வழக்கப்படி, நான் சேஃப்டி டிராக் பதிந்தேன். ஆறு பேர் பங்கையும் நானே வாசித்தேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயிற்சியில் சுணங்குவார்கள் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பென்டிரைவை முத்துப்பாண்டியிடம் கொடுத்தேன்.

விழா சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் நிகழ்ச்சி ஒன்பதாவது, ஏழேகால் மணிக்கு என்றார்கள். அதே நாள் மதியம் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மண்டபத்தில், ஒரு ஜவுளிக்கடையின் ஊழியர் விழாவுக்கு நான் ஏற்கெனவே "வாரேன்" என்று சொல்லியிருந்தேன். ஐந்தரைக்கு அங்கே முடிந்துவிடும், வந்துவிடலாம் என்பது கணக்கு. டிசம்பரில் நம் எல்லாருடைய கணக்கும் இப்படித்தான் இருக்கும். நடுவில் சாலையே கிடையாது, சிக்னலே கிடையாது, ஒரு மேடையிலிருந்து இறங்கினால் அடுத்த மேடையில் ஏறிவிடலாம்.

நாலு மணிக்கு முத்துப்பாண்டி போன் செய்தான். நான் மேடையில், ஒரு காதில் பாடகர், ஒரு காதில் போன்.

"அண்ணே, ஆறு கீபோர்டுக்கும் லைன் குடுக்கணும்னா நம்ம சின்ன மிக்சர் பத்தாது. கடையில பெருசு கெடக்கு, ஆள விட்டு எடுத்தாரச் சொல்றேன். எக்ஸ்ட்ரா ஆகும். ஆபீஸ்ல கேட்டா ஒத்த ரூவா கூடத் தர மாட்டோம்ங்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"பென்டிரைவ் இருக்குல்ல? அதப் போட்டு விட்டுரு."

"அப்ப பிள்ளைக வாசிக்கிறது?"

"வயரச் சும்மா சொருகி வையி, பாத்துக்கலாம்."

கீபோர்டில் வயரைச் சொருகிவிட்டால் அதன் சொந்த ஸ்பீக்கர் அடங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லா வயரையும் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரில் அதன் மறுமுனை இல்லையென்றால் கீபோர்டு வெறும் பலகை. எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். எவ்வளவு எக்ஸ்ட்ரா ஆகும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை முத்துப்பாண்டியும் பிள்ளைகளும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று ஒன்பதாவது நிகழ்ச்சியை மூன்றாவதாகத் தூக்கிப் போட்டார்கள். எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஆறு மணி பத்து நிமிஷத்துக்குப் படுதா விலகியது. டிராக் ஓடியது.

முதல் இரண்டு வரியும் நஸ்ரின் துணைச் சுரங்கள்தான் வாசிக்க வேண்டும். தன் சத்தம் தனக்குக் கேட்கவில்லையே என்று வால்யூமைத் திருகினாளாம். மூன்றாவது வரி வந்தது. அவள் விரல் வழக்கம்போல் அந்த இடத்தில் பிந்தியது. ஆனால் பாட்டு பிந்தவில்லை. மைதானம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சுரம் சரியான நேரத்தில், சுத்தமாக வந்து விழுந்தது. கூடவே ஒரு சின்ன இழுப்பு. நான் வாசித்தால் மட்டும் என் கை தன்னால் போடுகிற இழுப்பு. வகுப்பில் அவள் நூறு தடவை கேட்டது.

நஸ்ரின் தன் கையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கட்டையிலிருந்து எடுத்து, நெஞ்சுக்கு நேராகக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் பங்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. மற்ற ஐந்து பேரும் தலையைக் குனிந்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அந்த ரேடியோவ அமத்துங்கப்பா" என்றது. அதோடு மொத்தக் கூட்டமும் சிரித்தது. முத்துப்பாண்டிக்கு நிறுத்தவும் பயம், ஓடவிடவும் பயம். டிராக் முடியும் வரை ஓடியது. முடியும் வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்கிறவர்களைப் பார்த்து நின்றிருக்கிறாள். பதினோரு வயது.

நான் போய்ச் சேரும்போது மணி ஏழு. வண்டி நிறுத்தும் இடத்திலேயே ஜாபர் அண்ணன் நின்றிருந்தார். நஸ்ரின் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க" என்றார். "அஞ்சு மாசமா இந்தப் பிள்ளை வாசிச்சுச்சா, இல்ல கைய ஆட்டுனுச்சா?"

"வாசிச்சாண்ணே. நல்லா வாசிப்பா."

"அப்ப உள்ள கேட்டது யாரு?"

"நான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "உங்களக் கேக்கவா தம்பி நான் கடைய அடச்சிட்டு வந்தேன்?"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் பள்ளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அழைப்பிதழில் 'நேரடி' என்று போடத் தெரிந்தவர்களுக்கு அதற்கான மிக்சரைத் தரத் தெரியவில்லை. விருந்தினரின் அவசரத்துக்காகப் பிள்ளைகளின் நிகழ்ச்சியை நாற்காலியை நகர்த்துவதுபோல் நகர்த்துகிறார்கள். எல்லாம் நியாயமான கோபம்தான். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லையும் நான் குறைக்க மாட்டேன். ஆனால் எவ்வளவு திட்டினாலும், "வயரச் சும்மா சொருகி வையி" என்று சொன்ன குரல் என் குரலாகவே இருந்தது.

திங்கட்கிழமை விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஜாபர் அண்ணனும் நஸ்ரினும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். மேஜையில் தட்டச்சு செய்த ஒரு தாள். 'நான் பயத்தில் வாசிக்க மறந்துவிட்டேன். விழாவுக்கு இடையூறு ஏற்படுத்தியதற்கு மன்னிக்கவும்.' கீழே மாணவி, பெற்றோர், பயிற்சியாளர் மூன்று பேர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தார்கள்.

"உக்காருங்க சார்" என்றார் தாளாளர். நான் உட்காரவில்லை. அது வீரமில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் என் அப்பா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று பார்த்து, எனக்கும் கால் அப்படியே பழகிவிட்டது.

"நான் மறக்கலை" என்றாள் நஸ்ரின்.

"பெரியவங்க பேசும்போது குறுக்க பேசக் கூடாதும்மா" என்றார் தாளாளர். பிறகு ஜாபர் அண்ணன் பக்கம் திரும்பினார். "பாய், இது ஒரு ஃபார்மாலிட்டி. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் டிராக்தான் போடுறாங்க. மத்த அஞ்சு பிள்ளைகளும் ஒழுங்கா நின்னாங்களா இல்லையா?"

ஜாபர் அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "சார், நம்ம கடை வாசல்ல மாதிரிக்கு ஒரு குடம் தொங்கும். அதப் பாத்துட்டு ஒருத்தன் கேட்டா, உள்ள இருந்து அதே குடத்தத்தான் எடுத்துக் குடுக்கணும். வேற குடத்தக் கட்டிக் குடுத்தா மறுநாள் கொண்டாந்து தலையிலயே போட்டு ஒடைப்பான். நீங்க என்னடான்னா, குடம் வாங்குனவனையே மன்னிப்புக் கேக்கச் சொல்றீங்க."

தாளாளர் என்னைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க. நீங்க குடுத்த டிராக்தான அது?"

தம்பி தங்கைகளே, நமக்கு நெருக்கடி மேடையில் வரும் என்று நினைத்துத்தான் நாம் தயாராகிறோம். கம்பி அறுந்தால் என்ன செய்வது, சுருதி விலகினால் என்ன செய்வது என்று. எனக்கு அது ஒரு ஏசி அறையில், பேனா மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டிய ஒரு கையாக வந்தது. கையெழுத்துப் போட்டால் ஜூனில் வேலை இருக்கும். அவர் கேட்டதும் பொய்யில்லை. டிராக் நான் கொடுத்ததுதான். அந்த உண்மையை வைத்தே அந்தப் பொய்யில் என்னைக் கையெழுத்துப் போட வைக்கப் பார்த்தார். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பேனாவை வாங்கினேன். தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுதினேன். 'விழாவில் ஒலித்தது மாணவர்களின் வாசிப்பு அல்ல. நான் முன்கூட்டியே பதிவு செய்தது. கீபோர்டுகளுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னதும் நானே. மாணவிக்கு இது தெரியாது. அவள் வாசிக்க மறக்கவில்லை.' கையெழுத்துப் போட்டு நீட்டினேன். இணைப்பு வேண்டாம் என்று சொன்ன வரியை எழுதும்போதுதான் ஜாபர் அண்ணன் முன்னால் அதை முதன்முறையாக ஒப்புக்கொள்கிறேன் என்பது உறைத்தது. அவர் எட்டிப் படித்தார்.

"ஜூன்ல உங்களுக்கு இங்க வேலை வேணுமா வேண்டாமா?" என்றார் தாளாளர்.

"வேணும் சார். ஆனா அந்தப் பக்கம் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஜூனில் கூப்பிடவில்லை. வேறு இரண்டு பள்ளிகளுக்கும் செய்தி போய்விட்டது, அங்கேயும் கூப்பிடவில்லை. அது தனிக் கதை.

வெளியே வந்ததும் ஜாபர் அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, ஒரு தடவை நீங்க கேக்கணும். என் வகுப்புக்கு வாங்க, வாசிக்கச் சொல்றேன்."

அவர் பதில் சொல்வதற்குள் நஸ்ரின் பேசினாள். இரண்டு நாளில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு. "சும்மா வகுப்புல வேணாம் சார். அன்னைக்கு மாதிரியே வேணும். அதே மைக் செட் அண்ணன், அதே பெரிய ஸ்பீக்கர், எல்லாருக்கும் வயர்."

"இவ ஒருத்தி" என்றார் ஜாபர் அண்ணன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

விடுமுறையின் மூன்றாம் நாள், மதியம் மூன்று மணிக்கு, பழங்காநத்தத்தில் என் அறைக்கு வெளியே மொட்டை மாடியில் ஏற்பாடு செய்தேன். அன்றைக்கு ஒரு கம்பெனி விருந்துக்குக் கூப்பிட்டார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக "வர முடியாதுண்ணே" என்று சொன்னேன். ஆறு பிள்ளைகளில் நாலு பேர் வந்தார்கள். இரண்டு வீட்டில், "முடிஞ்சதக் கெளறாதீங்க சார்" என்றார்கள். வராத அந்த இரண்டு பேர் பங்கை நான் வாசித்தேன், எல்லாரும் பார்க்க. முத்துப்பாண்டி பெரிய மிக்சரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தான். அவனுக்கும் என் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

நஸ்ரின் வந்ததும் கீபோர்டைத் தொடவில்லை. அதன் பின்னால் போய், சொருகியிருந்த வயரைக் கையில் பிடித்தாள். பிடித்தபடியே மாடித் தரையில் குனிந்து நடந்தாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணிக்கொடிக்குக் கீழே போய், அது மிக்சரில் நுழையும் இடம் வரைக்கும். அங்கே நிமிர்ந்து, "இதுல என்னுது எதுண்ணே?" என்று முத்துப்பாண்டியைக் கேட்டாள்.

"மூணாவது தங்கச்சி."

"ஏத்துங்க."

ஏற்றினான். திரும்பி வந்து ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள். தெரு முழுக்கக் கேட்டது. எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகுதான் நஸ்ரின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வாசித்தார்கள். முதல் இரண்டு வரி நேராகப் போனது. மூன்றாவது வரியில், அதே இடத்தில், அவள் மோதிர விரல் ஒரு நொடி பிந்தியது. பெரிய ஸ்பீக்கரில் அந்தத் தடங்கல் ஊருக்கே தெரிந்தது. ஒரு பையன் "பஸ்ஸு..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை. தாவிப் பிடித்து, கடைசிச் சுரம் வரை போய் முடித்தாள்.

நான் ஜாபர் அண்ணனைப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்துலதான் தம்பி வீட்டுலயும் தடுக்கும்" என்றார். "அடுப்படியில இருந்து அவ அம்மா, 'ஆங், விழுந்துட்டா'ன்னு சொல்லுவா. இது நம்ம பிள்ளைதான்." பிறகு கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "ஜனவரியில கிளாஸ் என்னைக்கு ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு முத்துப்பாண்டி வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"பாண்டி, இந்தப் பெரிய மிக்சருக்கு எம்புட்டுப்பா எக்ஸ்ட்ரா?"

அவன் நிமிராமலே சொன்னான்.

"எழுநூறு ரூவாண்ணே."